டிராக் ஆட்டமும் கூத்துப் பெண் வேஷமும் ஒன்றா? கடலூர், புதுவைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை_முல்லை:

எல்லாருக்கும் வணக்கம். புதுவையில் இருக்கிறேன். பகலில் அலுவலக வேலை, வார இறுதியில் டிராக், அதாவது ஆணான நான் பெண் வேஷம் கட்டி மேடையில் ஆடுகிற ஆட்டம். நண்பர்கள் வீட்டு மொட்டை மாடியிலும் சின்ன அரங்குகளிலும் ஆடிக்கொண்டிருந்தேன், இப்போது டிக்கெட் போட்டு ஒரு மணி நேரம் முழுக்கத் தமிழில் ஒரு நிகழ்ச்சி செய்ய ஆசை. முல்லை என்பது மேடையில் என் பெயர். விக், ஒப்பனை, புடவை, ஹீல்ஸ், பழைய பாட்டுகளுக்கு வாயசைப்பு, நடுவில் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தோடு பேச்சு, இதுதான் என் ஆட்டம்.

‘இது வெளிநாட்டுச் சரக்கு, நம்ம பண்பாடு இல்லை’ என்று யாராவது சொன்னால், ‘கூத்தில் காலங்காலமாக ஆம்பளைதானே திரௌபதி வேஷம் கட்டுகிறார்’ என்று திருப்பிக் கேட்பேன். அண்மையில் கூத்து நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு ‘ரெண்டும் ஒண்ணில்லப்பா’ என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். ஏன் ஒன்றில்லை? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, இந்தக் கடற்கரை வெக்கையில் அரை மணி நேரத்தில் முகத்துப் பூச்செல்லாம் வழிந்துவிடுகிறது. கூத்துக்காரர்கள் விடிய விடிய எப்படித் தாங்குகிறார்கள்?

மஞ்சக்குப்பம்_ராஜா:

தம்பி, கோயிலில் சாமிக்காகக் கட்டுகிற வேஷம் வேறு, குடித்துவிட்டுக் கைதட்டுகிறவனுக்காகக் கட்டுகிற வேஷம் வேறு. உன் ஆசைக்கு நீ ஆடு, கோயிலை அதற்குள் இழுக்காதே. எனக்குச் சொல்ல இவ்வளவுதான்.

முகவீணை:

ராஜா அண்ணா சொன்னதில் பாதி சரி, பாதி கூத்தைக் கிட்டே இருந்து பார்க்காத பேச்சு. எங்கள் அப்பா பெண் வேஷம் கட்டியவர். நான் கூத்துக்கு முகவீணை என்ற சின்ன ஊதுகருவி வாசிக்கிறேன், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம், அதாவது பாரதக் கதையைக் கூத்தாக ஆடும் திருவிழா, வைத்தால் போவோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெண் வேஷம் கட்டுவது எப்படி என்று முதலில் சொல்கிறேன். ராஜா வேஷத்துக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று மரக்கட்டையே பாதி வேலையைச் செய்துவிடும், அவர் திரைக்குப் பின்னால் நின்றாலே துரியோதனன்தான். பெண் வேஷத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. சவுரி வைத்த பின்னல், புடவை, வளையல், துணி வைத்துத் தைத்த ரவிக்கை, சலங்கை, அவ்வளவுதான். மிச்சம் முழுக்க உடம்பிலும் தொண்டையிலும்தான் இருக்கிறது. முகவீணை எவ்வளவு மேலே பேசும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த உயரத்தில் நின்று விருத்தம் பாட வேண்டும், மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாட வேண்டும். ரெண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, உள்ளே நின்று தன்னைப் பற்றித் தானே பாடி, திரை விலகும்போது முகம் தெரிய வேண்டும். நடையில் ஒரு அடி பிசகினாலும் கூட்டத்தில் இருக்கிற கிழவிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது உன் கேள்வி. துகிலுரிதல் அன்றைக்கு வந்து பார். புடவைக்கு மேல் புடவையாகச் சுற்றியிருக்கும். அந்தக் கட்டம் வருவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனைக் கும்பிட்டு, தான் செய்யப்போவதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். பெண்கள் அழுவார்கள். சிலருக்கு அருள் வந்துவிடும். வேஷத்துக்குள் இருப்பது யார் வீட்டுப் பையன் என்று அந்த நேரத்தில் எவரும் நினைப்பதில்லை, நினைத்தால் கூத்து தோற்றுப்போச்சு. உன் ஆட்டத்தில் அது தலைகீழ். உள்ளே ஒரு ஆண் இருக்கிறான் என்பது கூட்டத்துக்குத் தெரிய வேண்டும், தெரிந்துகொண்டே ரசிக்க வேண்டும். பெயரும் நீயே வைத்துக்கொண்டது, பேச்சும் உன்னுடையது. திரௌபதியாக நிற்கிறவருக்கு அந்த உரிமை கிடையாது. அந்தப் பெரியவர் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் உனக்கு உறவு கூத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீ தப்பான கதவைத் தட்டுகிறாய். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வருகிற கட்டங்களைப் பார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டம் தூங்கி விழும்போது அவரும் ஒரு பெண் வேஷமும் சேர்ந்து, கதையை அப்படியே நிறுத்திவிட்டு, முன்னால் உட்கார்ந்திருக்கிற நாட்டாமை, ரேஷன் கடை, பஞ்சாயத்துத் தேர்தல் என்று எல்லாவற்றையும் வம்புக்கு இழுப்பார்கள். அங்கே அந்தப் பெண் வேஷம் தான் ஆண் என்பதையும் வைத்து விளையாடும், கூட்டத்தில் ஒருத்தனைப் பார்த்துக் கண்ணடிக்கும், அவன் பதில் சொன்னால் அதையும் பிடித்துக்கொண்டு வெட்டும். நீ மைக்கில் செய்வது அதுதான். எழுதி வைத்த பாடம் கிடையாது, நாக்கு ஓட வேண்டும்.

வில்லியனூர்_வாசகன்:

முகவீணை அண்ணா, இதைப் படித்த பிறகு பேச ஒன்றுமில்லை, இருந்தாலும் புதுவைக்காரனாக ஒரு விஷயம் சேர்க்கிறேன். நாடகத் தமிழுக்குத் தலைமை ஆசிரியர் என்று சொல்கிற சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று இதே புதுவையில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது, நாடகக் கலைஞர்கள் அங்கே வந்து மரியாதை செய்வார்கள். நம்மில் பலர் அந்தப் பக்கம் தினமும் போகிறோம், யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் 1918ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் முழுக்கச் சிறுவர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், என்பது பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்களின் வேலை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்தப் பையனின் வாழ்க்கையே ஆடிப்போகும், வேறு வேஷம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். சிவாஜி கணேசனும் சிறுவனாகச் சீதை கட்டியவர். டி.கே. சண்முகம் பெரியவரான பிறகு ஔவையாராக நடித்து, அந்தப் பெயரே ‘அவ்வை’ என்று அவருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது, சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். ஒரு கிழவியாக நின்று பெற்ற மரியாதை அது.

டிராக்கின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த வில்லியம் டார்சி ஸ்வான் என்ற கறுப்பினத்தவர் 1880களில் வாஷிங்டனில் ரகசியமாக நடன விருந்துகள் நடத்தினார், ஆண்கள் பட்டு கவுன் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். 1888ல் போலீஸ் உள்ளே புகுந்தது. தன்னை டிராக்கின் ராணி என்று சொல்லிக்கொண்டவர் அவர். பிறகு நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், ‘ஹவுஸ்’ என்று குடும்பம் போல அமைத்துக்கொண்டு போட்டி ஆட்டங்கள் நடத்தினார்கள். வெள்ளையர் கையில் இருந்த அழகுப் போட்டிகளில் நியாயம் கிடைக்கவில்லை என்று கிரிஸ்டல் லபேஜா என்ற கறுப்பின டிராக் கலைஞர் தனி வழி தொடங்கியது 1970களின் ஆரம்பத்தில். தொலைக்காட்சியில் ரூபால் என்ற டிராக் கலைஞரின் போட்டி நிகழ்ச்சி வந்தது 2009ல்தான், அதற்கு முன்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போலீசிடம் அடி வாங்கிய வரலாறு இருக்கிறது. கூத்தில் பெண் வேஷக்காரரை ஊரே கோயிலுக்கு அழைத்துவந்தது, டிராக் ஆடியவர்களை ஊர் துரத்தியது. ஆகவே முல்லை, உங்கள் கலைக்கு மரியாதை வாங்கித் தரக் கூத்தைக் கடன் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கென்று சொந்தமாக ஒரு பெருமை இருக்கிறது.

சுண்ணாம்பாறு_தேவி:

எல்லாரும் கட்டியக்காரன் கட்டத்தைப் புகழ்கிறீர்கள். ஒரு பெண்ணாக அங்கே உட்கார்ந்து பார்த்தவள் பேசுகிறேன். அந்த ரெண்டு மணிப் பேச்சில் நிறைய நேரம் அடி வாங்குவது நாங்கள்தான். கள்ளப் புருஷன் வைத்திருக்கிறவள், மாமியாரை அடிக்கிறவள், மார்பைக் காட்டி மயக்குகிறவள், இதைத் தவிர வேறு பெண்ணே அந்தக் கட்டங்களில் கிடையாது. அதை ஆண் ஒருவர் புடவை கட்டிக்கொண்டு செய்ய, ஆண்கள் விசில் அடிக்கிறார்கள். சினிமாவிலும் ஆண் பெண் வேஷம் போட்டால் தொண்ணூறு பங்கு இதே சிரிப்புதான். டிராக் காணொளிகள் சிலவற்றைப் பார்த்தேன், பெண்ணின் உடம்பை ஊதிப் பெரிதாக்கிக் காட்டி அதையே நகைச்சுவையாக்குவது அங்கேயும் இருக்கிறது. முல்லை, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. ஆண்கள் பெண் வேஷம் கட்டியதற்கு ஒரு காரணம், பெண்ணை மேடையில் ஏற விடவில்லை. இங்கிலாந்தில் 1660 வரைக்கும் அப்படி. ஜப்பானில் கபுகியைத் தொடங்கியதே ஓகுனி என்ற பெண், 1629ல் பெண்களைத் தடை செய்துவிட்டு ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். நம்மிடம் பாலாமணி அம்மாள் கும்பகோணத்தில் முழுக்கப் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார், ஆண் வேஷமும் பெண்களே கட்டினார்கள். கே.பி. சுந்தராம்பாள் 1935ல் திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார், அதற்கு வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்திருக்கிறார். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் குழந்தைகள் துரியோதனன் வேஷம் வரைக்கும் கற்றுக்கொண்டார்கள். டிராக் பேச்சு வந்தால் இவர்களை யாரும் நினைப்பதே இல்லை. உங்கள் மேடையில் மீசை வைத்து ஆட ஒரு பெண்ணுக்கு இடம் உண்டா?

முத்தியால்பேட்டை_முல்லை:

தேவி அக்கா, நேராகக் கேட்டதற்கு நன்றி. முல்லை யாரையும் மயக்க வருகிறவள் இல்லை. கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிற, எல்லாருக்கும் பதில் வைத்திருக்கிற ஒரு பெண். அவள் கிண்டல் செய்வது வழியில் தொந்தரவு செய்கிற ஆளை, ‘எப்போ கல்யாணம்’ என்று கேட்கிற சொந்தக்காரர்களை. என் அம்மாவும் அத்தைகளும் பேசுகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன், அந்தப் பேச்சின் கூர்மையை மேடையில் கொண்டுவர ஆசைப்பட்டுத்தான் இதற்குள் வந்தேன். மீசை வைத்து ஆடுகிற பெண் கிடைத்தால் நிகழ்ச்சியில் பாதி நேரத்தை அவருக்கே கொடுப்பேன், நிஜமாகவே சொல்கிறேன்.

சித்திரை_நிலவு:

நான் திருநங்கை. கடலூர்ப் பக்கம்தான். இந்த இழையில் இதுவரை ஒருவர் கூட எங்களை இதோடு சேர்த்துக் குழப்பவில்லை, அதுவே பெரிய விஷயம், ஆனால் வெளியில் குழப்புகிறார்கள். டிராக் ஆடுகிற தம்பி விக்கைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறார். கூத்துக்காரர் விடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துவிட்டு வயலுக்குப் போகிறார். நான் துடைத்துவிட்டுப் போக எதுவும் இல்லை, இது என் முகம். உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று எங்கள் பாலின அடையாளத்தை நாங்களே சொல்லும் உரிமையை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பஸ் நிலையத்தில் ‘என்ன வேஷம் இது’ என்று கேட்கிறார்கள். அதனால்தான் வேஷம் என்ற பேச்சு வந்தாலே எங்களில் பலருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, அதற்காக நான் டிராக்குக்கு எதிரி இல்லை. திருநங்கைகளும் டிராக் ஆடலாம், ஆடுகிறார்கள், அது அவரவர் கலை. எங்களில் கரகம் ஆடுகிறவர்கள் உண்டு, கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர்கள் உண்டு. பரதத்தில் நர்த்தகி நடராஜ் 2019ல் பத்மஸ்ரீ வாங்கினார். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களிலும் ரெண்டு வகையும் உண்டு. அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள நாங்கள் வருகிறோம், வேண்டுதலுக்காகப் புடவை கட்டித் தாலி வாங்கிக்கொள்கிற ஊர் ஆண்களும் வருகிறார்கள், மறுநாள் அவர்கள் வேட்டியில் திரும்பிப் போவார்கள். கண்ணனே மோகினியாக வந்து அரவானைக் கட்டிக்கொண்ட கதைதானே அது. யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை.

முல்லைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கைதட்டிக் காசு கேட்பது போல, குரலைக் கரகரப்பாக்கிப் பேசுவது போல எதையும் சிரிப்புக்காகச் செய்யாதே. நீ மேடையிலிருந்து இறங்கிய பிறகு அதே சிரிப்பு தெருவில் என்னைத் துரத்தும்.

முத்தியால்பேட்டை_முல்லை:

செய்ய மாட்டேன் அக்கா. இதுவரை செய்ததும் இல்லை.

பாரிஸ்_லாஷப்பேல்:

பூர்வீகம் வைசியாள் வீதி, தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் மிஷூ கபாரே என்ற கேளிக்கை அரங்கில் 1956லிருந்து ஆண்கள் பெண் வேஷமிட்டுப் புகழ்பெற்ற பாடகிகளைப் போல நடித்துக் காட்டினார்கள். ஆனால் இங்கே எல்லாரும் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 26 அன்று ஒலிம்பிக் தொடக்க விழாவில் டிராக் கலைஞர்கள் வந்ததற்கு எவ்வளவு மிரட்டல், எவ்வளவு வசவு. மதத்தை அவமதித்ததாகச் சண்டை. ராஜா அண்ணன் சொன்ன அதே வார்த்தைகளைப் பிரெஞ்சில் கேட்டேன். அப்புறம் சரக்கு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. அரியான் முனூஷ்கினின் தியாத்ர் து சொலேய் என்ற பிரெஞ்சு நாடகக் குழு 2016ல் மேடையேற்றிய நாடகத்தில் தெருக்கூத்து இருந்தது, புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு ஆடினார்கள். வெள்ளைக்காரர்கள் நம்ம பாரதத்தைத் தமிழில் பாடி ஆடியபோது யாரும் ‘உங்கள் பண்பாடு இல்லை’ என்று சொல்லவில்லை.

மருந்துக்கடை_திருப்பாதிரிப்புலியூர்:

ஒப்பனைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய முறை என்று நாட்டு மருந்துக் கடையில் அசல் அரிதாரம் வாங்கிப் பூசாதீர்கள். அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். செந்தூரத்திலும் ஈயமோ பாதரசமோ இருக்கலாம், உதட்டில் தடவினால் வயிற்றுக்குள்ளும் போகும். இன்றைக்கு வெள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடு கிடைக்கிறது, அதில் பெரிய ஆபத்து இல்லை, பொடியை மூக்கில் இழுக்காமல் இருந்தால் போதும்.

வழிவது எண்ணெய்யால் இல்லை, கனத்தால். ஒரே பூச்சாக அப்பாமல் மெல்லிசாக ஒரு தடவை, மேலே பவுடர், திரும்ப மெல்லிசாக ஒன்று, திரும்பப் பவுடர், இப்படி ஏற்றிக்கொண்டு போங்கள். பூசுவதற்கு முன்னால் ஐஸ் ஒத்தடம். வியர்த்தால் துடைக்கக் கூடாது, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். புருவத்தைப் பசைக்குச்சியால் மறைக்கிறவர்கள் ஒவ்வொரு பூச்சும் காய்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் முதலில் அங்கேதான் உரியும். விக் ஒட்டும் பசையைப் புதிதாக வாங்கினால் முந்தின நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், அரித்தால் நெற்றிக்கு அது வேண்டாம்.

முகவீணை:

மருந்துக்கடை அண்ணன் சொல்வது சரி. விடிய விடியத் தாங்குவதற்கு இன்னொரு காரணம், எங்கள் ஆட்கள் கட்டம் முடிந்ததும் கொட்டகைக்குள் வந்து, கையளவு கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொண்டுதான் மறுபடி போவார்கள். ஒரு மணி நேரத்தில் நடுவே உனக்கும் ரெண்டு நிமிஷம் வேண்டும், அதற்கு ஏற்றாற்போலப் பாட்டை வைத்துக்கொள்.

தேவி அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. கொச்சைப் பேச்சு கூடிப்போச்சு, காசு குத்துகிறவன் அதைத்தான் கேட்கிறான். அப்பா காலத்திலும் இருந்தது. ஆனால் கர்ண மோட்சத்தில் பொன்னுருவி வாதாடுவதையும் கேட்டிருப்பீர்கள். குலம் தெரியாதவன் என்று கர்ணனை ஒதுக்கியவள், அவன் போருக்குப் புறப்படும்போது உடைந்து அழுவாள். அந்தத் தர்க்கத்துக்கு அப்பா நாள்கணக்கில் வீட்டில் தனியாகப் பேசிப் பார்த்துக்கொள்வார். அந்தப் பெண்ணையும் ஆண்தான் கட்டினார், அதில் கிண்டல் எங்கே இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ராத்திரி அம்மனாகக் கும்பிட்ட அதே ஊர், காலையில் டீக்கடையில் அப்பாவைப் பார்த்து விசில் அடிக்கும். பெண் வேஷம் கட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். சீசன் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும், மிச்ச மாதம் கூலி வேலை. ராஜா அண்ணா, கோயில் வேஷம் புனிதம் என்கிறீர்கள், அந்தப் புனிதத்தைக் கட்டிய ஆளுக்கு ஊர் கொடுத்த மரியாதை இவ்வளவுதான். முல்லைக்குக் கிடைக்கிற வசவு எங்களுக்குப் புதிதில்லை. ஆட்டம் வேறு வேறுதான், கேட்கிற வசவு ஒன்று.

அதனால் தம்பி, சண்டை வரும்போது கேடயமாகத் தூக்குவதற்கு மட்டும் எங்கள் பெயரைச் சொல்லாதே. வந்து கற்றுக்கொள், கற்றுக்கொண்ட பிறகு சொல், சந்தோஷப்படுவேன். பெங்களூரில் அலெக்ஸ் மேத்யூ மாயாவாக, ஐதராபாத்தில் பத்ருனி சாஸ்திரி பரதத்தையும் சேர்த்து, என்று அவரவர் ஊரில் டிராக் செய்கிறார்கள் என்று என் மகள்தான் காட்டினாள். கடலூர்ப் பேச்சில், கடலூர் நடையில் ஒருவர் செய்தால் நான் வந்து உட்கார்ந்து பார்ப்பேன்.

மஞ்சக்குப்பம்_ராஜா:

முகவீணை, உங்கள் அப்பா ஆட்டம் பார்த்திருக்கலாம் நான். அந்த டீக்கடைப் பேச்சு எங்கள் ஊரிலும் உண்டு. டிராக் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் அந்தத் தம்பியை யாரும் கைநீட்டினால் அதற்கு நான் ஆதரவு கிடையாது.

சுண்ணாம்பாறு_தேவி:

முல்லை, நிகழ்ச்சி எப்போது என்று போடுங்கள், நான் வருகிறேன். பிடிக்காவிட்டால் இங்கேயே எழுதுவேன், பரவாயில்லையா? மீசைக்கு ஒரு ஆள் இருக்கிறாள், என் தங்கை. கல்லூரி விழாவில் ராஜபார்ட் கட்டினவள், குரல் கணீரென்று இருக்கும்.

முத்தியால்பேட்டை_முல்லை:

கட்டாயம் எழுதுங்கள் அக்கா, தங்கையை உடனே பேசச் சொல்லுங்கள். முகவீணை அண்ணா, நான் கற்றுக்கொள்ள வருகிறேன். எங்கே, எப்போது, யாரைக் கேட்க வேண்டும்? நிகழ்ச்சியில் ஒரு திரை விருத்தம் வைக்க ஆசை, பதிவு செய்ததைப் போடாமல் நீங்களே வந்து முகவீணை வாசிக்க முடியுமா? உங்களுக்கும் மிருதங்கத்துக்கும் என்ன சம்பளமோ அதை முன்பணமாகவே தந்துவிடுகிறேன்.

முகவீணை:

வாசிக்கலாம். சம்பளத்தைக் குழுவை நடத்துகிற வாத்தியாரிடம் பேசு, என்னிடம் பேசாதே, அதுதான் முறை. அடுத்த பாரதம் பண்ருட்டிப் பக்கம், தேதி முடிவானதும் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பொழுது சாய்கிறதற்குள் வந்துவிடு, வேஷம் போடத் தொடங்கிவிட்டால் யாரும் பேச மாட்டார்கள். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பதினோரு ரூபாய் தட்சணை வைத்து வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு உட்கார். கொட்டகைக்குள் செருப்பு கூடாது, போனில் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடு. சவுரி கட்டுவதை மட்டும் அன்றைக்கே கற்றுக்கொண்டுவிடலாம், விக் பசையே உனக்குத் தேவைப்படாது.